மின்குமிழுக்கு முன்னால் ஒரு பழைய வேட்டி

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது, தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்தவர்களுக்கும் இருந்த இடத்திலேயே இருந்தவர்களுக்கும் ஜாம்போத்தல் விளக்குத்தான் துணை. அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் நூல்திரி. கண்ணாடி காற்றை மறித்தது, எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் படித்தவர்கள் சுவரில் விழுந்த தங்கள் நிழலை மறந்திருக்கமாட்டார்கள். கறுத்து, கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். சுடர் சின்னது, அதனால் நிழல் கூரானது. படம் பிடிக்க வீட்டிலே விளக்குச் செய்யப் புறப்படுகிறவருக்கு முதல் பாடம் இதுதான்.

முகத்தில் இருந்து பார்க்க ஒளி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நிழல் மென்மையாகும். சூரியன் நம்மைவிட எவ்வளவோ பெரியது. ஆனால் 15 கோடி கிலோமீற்றர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரைப் பாகை அகலம்தான். நீட்டிய கையின் சின்னவிரல் நகமே அதை மறைத்துவிடும். ஆகவேதான் நடுப்பகலில் மூக்கின் கீழே கரிக்கோடு விழுகிறது. மேகம் மூடினால் முழு வானமும் விளக்காகிவிடும், கரிக்கோடும் கரைந்துவிடும்.

அந்த மேகத்தைத்தான் வேட்டியால் செய்யப் போகிறோம். நாலு பூவரசங்கம்பை மூன்றடிச் சதுரமாகச் சணலால் கட்டி, நைந்த வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்துவிடுங்கள். பின்னால் ஒரு எல்.ஈ.டி. மின்குமிழ். துணிக்கு மிகக் கிட்ட வைத்தால் நடுவில் ஒரு வட்டம் மட்டுமே ஒளிரும், பெரிய துணி கட்டியும் பயனில்லை. முழுச் சதுரமும் ஒரே அளவாக வெளிச்சம் பெறும்வரை மின்குமிழைப் பின்னுக்கு நகர்த்துங்கள். துணி ஒளியில் நல்ல பங்கைத் தின்றுவிடும். அதற்காக இன்னொரு மின்குமிழ் வாங்கத் தேவையில்லை. சட்டத்தை அப்படியே ஆளுக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள், வெளிச்சமும் கூடும், நிழலும் இன்னும் இளகும்.

சூடேறும் பழைய இழைக்குமிழையோ ஹலோஜனையோ துணிக்குப் பின்னால் வைக்கவே கூடாது. 230 வோல்ற் ஓடுகிற வயரில் வெட்டு, ஒட்டு இருக்கவும் கூடாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

துணியும் வெளிச்சமும் சேர்ந்து செய்த பெரிய வேலை ஒன்று உண்டு. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956 இல் வந்தது. அதில் வரும் காசி வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவில் ஸ்டூடியோவுக்குள் கட்டினார்கள். வானம் இல்லாத முற்றம். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதை நோக்கித் திருப்பினார். பட்டுத் திரும்பிய ஒளி, வானத்து ஒளியாகவே இறங்கியது. காசில்லாதவனுக்கு மாற்றுவழி என்று துணியைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வராததற்கு இந்தப் படம் ஒரு காரணம்.

தெல்லிப்பழைக்காரருக்கு ஒரு தனிக் கவனம் தேவை. இங்கே மண் சிவப்பு. வெயில் நேரம் அம்மம்மாவை விறாந்தையோரம் கதிரையில் இருத்திப் படமெடுத்தால், முற்றத்துச் செம்மண்ணில் பட்ட ஒளி நாடியின் கீழும் வெள்ளைச் சேலையிலும் செம்மை பூசும். காலடிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் போதும், நிறம் சரியாகிவிடும். முகத்தின் இருண்ட பக்கத்துக்கு, மீன் வியாபாரி ஐஸ் போட்டுக் கொண்டுவரும் ரெஜிபோம் பெட்டியின் மூடியைக் கழுவிப் பிடிக்கலாம். பால்மாப் பைக்கற்றின் வெள்ளி உட்புறத்தை மட்டையில் ஒட்டியும் பார்க்கலாம். அது அதிகம் ஒளி தரும், ஆனால் தோலை மினுக்கிக் காட்டும். எனக்கு ரெஜிபோம்தான் பிடிக்கும்.

யன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் மின்குமிழைக் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மறுகன்னம் மஞ்சள். ஒன்றை அணைத்துவிடுங்கள். மலிவான எல்.ஈ.டி. சில, நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மங்கித் தெளியும். படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால், கமராவின் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றிப் பாருங்கள்.

எடுத்த படத்தைப் பெருப்பித்து அம்மம்மாவின் கண்மணியைப் பாருங்கள். வேட்டி அங்கே சின்ன வெள்ளைச் சதுரமாக இருக்கும். அது வெறும் புள்ளியாகத் தெரிந்தால், சட்டத்தை இன்னும் ஓரடி கிட்டக் கொண்டுவர வேண்டும்.