காட்சிக்கூட ஆக்கமும் அதன் நிருவாகமும்

கடை முகப்பிற் பண்டங்களை எடுப்பாகக் காட்டும் அமைப்புக்களும், உட்புகுவாரை ஒளியாலும் ஒலியாலும் சூழ்ந்துகொள்ளும் காட்சிக்கூடங்களும் இக்காலத்திற் பெருந்தொழிலாய் வளர்ந்துள்ளன. காண்போர் அவற்றை வரைந்தவர் யாரென வினவுவர். ஆக்கத்தை நடத்தியவர் யாரென வினவுவார் அரியர். அவர்தம் பணியாது என்பதை ஓர் உண்மைச் சான்றுகொண்டு விளக்குவாம்.

1958ஆம் ஆண்டு பெல்சிய நாட்டுப் பிறசெல்ஸ் நகரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில், ஒல்லாந்தரின் பிலிப்ஸ் கம்பனி ஒரு கூடத்தை எழுப்பியது. தன் மின்பொருள்களை அடுக்கிவையாது, ஒளி, நிறம், ஒலி என்பவற்றாலேயே தன் ஆற்றலைப் புலப்படுத்த அது விழைந்தது. பொறுப்பேற்றவர் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே. அவர் சண்டிகார் நகர வேலையில் ஈடுபட்டிருந்தமையின், கூடத்தின் வடிவைப் பெரும்பாலும் வகுத்தவர் அவர் உதவியாளர் செனாக்கிஸ். இசையமைத்தவர் வரேஸ்.

அவ்வடிவோ, கூடாரம்போல முறுகி மேலெழும் வளைபரப்புக்களின் தொகுதி. அப்படத்தை எக்கொத்தனார் கையிற் கொடுப்பது? திறப்புநாளோ ஏப்பிரல் 17 எனக் குறித்தாயிற்று. உலகக் கண்காட்சி ஒரு கம்பனிக்காகக் காத்திராது. பொறியியலாளர் சிறு மாதிரியுருக்களைச் செய்து சுமையேற்றிச் சோதித்தனர். பின்னர், வளைபரப்பு முழுவதும் 5 சதமமீற்றர் தடிப்புள்ள ஏறத்தாழ 2,000 கொங்கிரீற்றுப் பலகைகளாகப் பகுக்கப்பட்டது. வளைவுக்கேற்பக் குவித்த மணலே அச்சாயிற்று. அம்மணல்மீது வார்த்தெடுத்த பலகைகளை மரச்சாரத்தின்மேற் பொருத்தி, உருக்குக் கம்பிகளால் இறுக்கிக் கட்டினர்.

ஆக்க நிருவாகத்தின் உயிர்நிலை இப்பகுப்பேயாம். ஆட்களை விரைவுபடுத்துபவரே நல்ல நிருவாகி என்பார் உளர். யாம் அதற்கு உடன்படோம். எப்பகுதி எவ்வளவினது, எப்பொருளால் ஆவது, எதன்பின் எது பொருந்துவது என்பவற்றை வேலை தொடங்குமுன் வரைந்தவர் வாயிலிருந்து முடிவாகப் பெறுபவரே நிருவாகி. கடைகளுக்கு அமைப்புக்கள் செய்யும் இன்றைய தொழிற்கூடத்திலும் முறை இதுவே. நெடுநாட் சென்று வந்துசேரும் பொருள்களுக்கு முதலிற் கட்டளையிடுவர். ஒரு பகுதியை முழு அளவிற் செய்து பார்ப்பர். யாவற்றையுந் தொழிற்கூடத்திலேயே ஒருமுறை பொருத்தி, இலக்கமிட்டுக் கழற்றி, முதலில் வேண்டப்படுவது இறுதியில் ஏறுமாறு வண்டியில் ஏற்றுவர். கடையின் வாயில் அகலத்தை அளவாமற் செய்த அழகிய பெட்டி வீதியிலேயே நிற்கும்! கடை அடைத்தபின் தொடங்கி விடியுமுன் முடிக்கவேண்டிய வேலையில், அதனை அறுத்துத் திருத்த நேரம் ஏது?

பார்வையாளரின் வரவும் இக்கணக்கினுள் அடங்கும். பிலிப்ஸ் கூடத்திற் காட்சி 8 நிமிடம். ஒரு முறைக்கு ஏறத்தாழ 500 பேர். முன்னையோர் வெளியேறப் பின்னையோர் புகும் இடைவேளைக்கெனச் செனாக்கிஸ் தனியே ஓர் இசைத்துண்டு அமைத்தார். காத்திருப்புங் காட்சியின் கூறாயிற்று.

கழற்றி அகற்றுதலும் நிருவாகியின் அட்டவணையில் ஒரு வரி. அதற்குரிய கூலியும் முதலிலேயே மதிப்பிடற்பாலது. ஒக்டோபரிற் கண்காட்சி முடிவுற்றது. 1959 சனவரியில் அக்கூடம் இடித்தகற்றப்பட்டது.