எழுபது வளைவுகளும் ஒரு சிவப்பு விளக்கும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மே மாத வெயிலில், ஐந்து பேரையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு, ஏசியும் முழுவேகத்தில் ஓட, இரண்டாம் கியரில் ஏறும் காரில் பாதி மலையில் இன்ஜின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரிகிறது. "மேலே போய்ப் பார்த்துக்கலாம்ப்பா" என்கிறது பின்சீட்டு. இன்ஜினுக்கு உலை வைக்கும் யோசனை அதுதான்.

எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதிச் சூட்டில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். சமவெளியில் எதிர்க்காற்று கைகொடுக்கும். ஏற்றத்தில் உழைப்பு கூடுகிறது, காற்றோ குறைகிறது. போதாக்குறைக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரும் தன் சூட்டை அதன் மேலேயே தள்ளுகிறது.

விளக்கு எரிந்ததும் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுதாகத் திறப்பது பழைய டிரைவர்களின் வழக்கம். வேர்த்துக் கொட்டும்தான், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டரே. அதுவும் ஒதுங்க இடம் கிடைக்கும் வரைக்கும்தான். ஒதுங்கியதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

சூட்டைக் காட்டும் முள் உள்ள வண்டியில், அது திடீரென இறங்கினால் நம்பக் கூடாது. கூலன்ட் மொத்தமும் ஒழுகி, சென்சார் வெறும் காற்றில் நின்றால், கொதிக்கும் இன்ஜினையும் அது குளிர்ந்ததாகக் காட்டக்கூடும். அதை நம்பி ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போகும். சைலன்சரில் விடாத வெள்ளைப் புகையும், டிப்ஸ்டிக்கில் மோர் கலந்தாற்போன்ற ஆயிலும் அதன் அடையாளங்கள்.

பலருக்குக் கை வெந்துபோவது ரேடியேட்டர் மூடியில். மூடிய அமைப்புக்குள் கூடுதலாக ஒரு பார் அழுத்தம் இருந்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் விட்டுப்போய், உள்ளிருப்பது ஆவியாகப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுவதைத் தவிர குறுக்குவழி இல்லை. ஆறாத இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விழலாம்.

ஆறிய பின், அவசரத்துக்கு டீக்கடைத் தண்ணீர் போதும். ஆனால் போர்வெல் உப்புத் தண்ணீரை அப்படியே விட்டால் ரேடியேட்டர் குழாய்களில் படிந்துவிடும். கீழே இறங்கியதும் அதை வடித்துவிட்டு, வண்டிக்குரிய கூலன்ட்டை நிரப்ப வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்குவது வீண். பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாரம் தவறாமல் டாப்-அப் செய்ய நேர்ந்தால், ஓஸிலோ வாட்டர் பாடியிலோ கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்தாக வேண்டும்.

தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுவதும் அவசியம். கூலன்ட்டில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.