மாத்தேரான் குதிரையும் நம் அச்சமும்

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாகாது என்பார்கள் நம் ஊர்ப் பெரியோர்கள். உயிருள்ள குதிரையை நம்பிச் சேணத்தில் ஏறுவது எப்படி என்பதை அவர்கள் சொல்லித் தரவில்லை. ஐயனார் கோயில் வாயிலில் நிற்கும் குதிரையைத் தவிர வேறெந்தக் குதிரையின் அருகிலும் நாம் மனமறிந்து நின்றதில்லை. சிறுவயதில் நாம் ஏறிய ஜட்கா வண்டி குடைசாய்ந்து கை ஒடிந்தது முதல், குளம்போசை கேட்டாலே ஒதுங்குவது நமக்கு வழக்கமாகிவிட்டது.

சென்ற மார்கழி விடுமுறையில் குடும்பத்துடன் மாத்தேரான் சென்றிருந்தோம். பம்பாய்வாழ் அன்பர்கள் பலர் அறிந்த மலைதான். அடிவாரத்திலுள்ள நேரலிலிருந்து இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஏறும் சிறு ரயில் 1907இல் ஓடத் தொடங்கியது. தஸ்தூரி என்னுமிடத்திற்கு அப்பால் பயணிகளின் மோட்டார் வண்டிகளுக்கு இன்றும் அனுமதி இல்லை. அண்மைக் காலத்தில் மின்சார ரிக்‌ஷாக்கள் வந்துள்ளன எனினும், செம்மண் பாதையில் குதிரைகளின் ஆட்சியே நடைபெறுகிறது.

நம் ஒன்பது வயது மகள் குதிரையேற வேண்டுமென்று ஊரிலேயே சொல்லி வைத்திருந்தாள். "முதலில் நீங்கள் ஏறுங்கள், அப்பா" என்றாள். மறுக்க வழியில்லை. கபில நிறப் பெண்குதிரை ஒன்றின் மேல் ஏறினோம். முழங்கால்களால் அதன் விலாவை நெருக்கி, கடிவாள வாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தோம். குதிரை தலையை உதறியது; காதுகளைப் பின்னுக்கு மடித்தது; பத்தடி நடந்து நின்றுவிட்டது. வியர்வை வழிய இறங்கிவிட்டோம். "அப்பாவே பயப்படுகிறாரே, எனக்கு வேண்டாம்" என்று மகள் தாயின் பின்னே ஒளிந்துகொண்டாள். நாம் அஞ்சியது பெரிதன்று. நம் அச்சத்தை மகளுக்குச் சொத்தாக எழுதி வைத்துவிட்டோமே என்பதே அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

மறுநாள் காலை அந்தக் குதிரைக்காரரையே தேடிச் சென்றோம். அறுபதை எட்டிய மராத்தியர். "காகா, ஏற்றிவிட வேண்டாம், பழக்கிவிடுங்கள்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "சாஹேப், நேற்று நீங்கள் அவளுக்குப் பயந்தீர்கள். அவள் உங்களுக்குப் பயந்தாள்" என்றார்.

குதிரை இரையாகும் இனத்தைச் சேர்ந்த பிராணி. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை வரை அதற்குப் பார்வை உண்டு. ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் நிற்பவரை அது காணாது. ஆகவே இடது தோளின் பக்கமாக, குரல் கொடுத்தபடி அணுக வேண்டும். கையை மோந்து பார்க்க விட்டு, பிறகு கழுத்தைத் தடவ வேண்டும். மனிதரின் கலக்கமும் அதற்கு எட்டுகிறது. 2009இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், குதிரையை நடத்திச் செல்வோரிடம் வழியில் திடீரென்று குடை விரிக்கப்படும் என்று சொல்லி வைத்தார்கள். குடை விரியவே இல்லை; எனினும் மனிதரின் நாடித் துடிப்போடு குதிரையின் துடிப்பும் உயர்ந்தது!

காகா நம்மை உடனே ஏற்றவில்லை. அரைமணி நேரம் குதிரையோடு நடக்கச் செய்தார். நாம் நின்றால் அது நின்றது, நடந்தால் நடந்தது. பின்னர் ஏறியதும், "மூச்சை விடுங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள், தரையைப் பார்க்காதீர்கள், அவள் காதுகளுக்கிடையே பாதையைப் பாருங்கள்" என்றார். வாரைத் தளர்த்தினோம். இரும்புக் கடிவாளம் கிடப்பது மென்மையான வாயிலல்லவா? நாம் இழுத்த இழுப்பெல்லாம் அதற்கு வலியாக இருந்திருக்கும்.

பாதி வழியில் குரங்கு ஒன்று கிளையிலிருந்து குதித்தது. குதிரை துள்ளி ஒதுங்கியது. பழைய ஜட்கா நினைவுக்கு வந்தது. வாரை இழுக்க எழுந்த கையை அடக்கி, பிடரிமயிரைப் பற்றிக்கொண்டு, "ஒன்றுமில்லையம்மா, ஒன்றுமில்லை" என்றோம், தமிழில்தான். அதன் காது ஒன்று நம் பக்கம் திரும்பியது. பெருமூச்சு விட்டு, மீண்டும் நடந்தது. அச்சம் போய்விட்டதென்று சொல்லமாட்டோம். அச்சத்தோடே அமர்ந்திருக்கக் கற்றோம், அவ்வளவே.

திரும்பி வந்ததும் மகள் மெல்ல அருகில் வந்தாள். காகா கொடுத்த காரட் துண்டைத் தட்டையாக விரித்த உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குதிரை உதட்டால் ஒற்றி எடுத்துக்கொண்டது. அன்றும் அவள் ஏறவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. கயிற்றைப் பிடித்துக் குதிரையைச் சிறிது தூரம் நடத்திச் சென்றாள். அடுத்த விடுமுறைக்கு இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மாத்தேரான் செல்லும் அன்பர்களுக்கு இரு வார்த்தை: தலைக்கவசம் கேட்டு வாங்கி அணியாமல் ஏறாதீர்கள், குழந்தைகளையும் ஏற்றாதீர்கள். நொண்டும் குதிரையையும், முதுகில் புண்ணுள்ள குதிரையையும் மறுத்துவிடுங்கள். நம்மைச் சுமக்கும் பிராணி நம்மை நம்ப வேண்டுமாயின், அதன் வலியை முதலில் நாம் அறிய வேண்டும்.