ஆங்கிலத்தில் துணை வினையும் வினைத்தொடரும்

ஆங்கில வாக்கியத்தில் காலம், இயலுமை, கட்டாயம் முதலியவற்றைக் காட்ட முதன்மை வினையோடு சேர்ந்து வரும் சொல் துணை வினை எனப்படும். இதுவே ஹெல்பிங் வெர்ப். துணை வினையும் முதன்மை வினையும் சேர்ந்தது வினைத்தொடர், அதாவது வெர்ப் ஃபிரேஸ்.

தமிழில் துணை வினை பின்னால் வரும்: 'எழுதியிருக்கிறாள்' என்பதில் 'எழுதி' முதன்மை வினை, 'இருக்கிறாள்' துணை வினை. ஆங்கிலத்தில் அது முன்னால் வரும்: 'ஹேஸ் ரிட்டன்'.

வகைகள்

பள்ளி இலக்கணம் 23 துணை வினைகளைக் கூறுகிறது.

- பி வகை (8): ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பி, பீயிங், பீன்
- ஹேவ் வகை (3): ஹேவ், ஹேஸ், ஹேட்
- டூ வகை (3): டூ, டஸ், டிட்
- மோடல் வகை (9): கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட்

கண்டறியும் முறை

பட்டியலை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. முதல் மூன்று வகைச் சொற்கள் முதன்மை வினையாகவும் வரும்.

- 'ஷி ஹேஸ் எ லெட்டர்': அவளிடம் கடிதம் உள்ளது. வேறு வினை இல்லாததால் 'ஹேஸ்' முதன்மை வினை.
- 'ஷி ஹேஸ் ரிட்டன் எ லெட்டர்': அவள் கடிதம் எழுதியிருக்கிறாள். 'ரிட்டன்' முதன்மை வினை. 'ஹேஸ்' துணை வினை.

'இங்' என முடியும் சொல் எல்லாம் முதன்மை வினை அல்ல. 'ஹி இஸ் ரீடிங்' என்பதில் அவன் வாசிக்கிறான். 'இஸ் ரீடிங்' வினைத்தொடர். 'ஹிஸ் ஹாபி இஸ் ரீடிங்' என்பதில் பொழுதுபோக்கு வாசிக்கவில்லை. அதன் பெயரே வாசிப்பு. இங்கு 'ரீடிங்' பெயர்ச்சொல்லாக நிற்கிறது. 'இஸ்' மட்டுமே வினை.

பிரிந்து வரும் வினைத்தொடர்

'ஷி ஹேஸ் நெவர் ஈட்டன் ஃபிஷ்' என்பதில் வினைத்தொடர் 'ஹேஸ் ஈட்டன்'. இடையில் வரும் 'நெவர்', 'நாட்', 'ஆல்வேஸ்' போன்றவை வினையடைகள். அவற்றை நீக்கிவிட வேண்டும். வினா வாக்கியத்தைச் செய்தி வாக்கியமாக மாற்றிப் பார்க்கலாம். 'வில் யுவர் பிரதர் கம்?' என்பது 'யுவர் பிரதர் வில் கம்' ஆகும்; வினைத்தொடர் 'வில் கம்'.

ஒன்றுக்கு மேற்பட்ட துணை வினைகளும் வரலாம். 'த லெட்டர் ஷுட் ஹேவ் பீன் சென்ட்' என்பதில் மூன்று உள்ளன. மோடல், ஹேவ், பி என்ற வரிசை மாறாது; இறுதியில் நிற்பது முதன்மை வினை.

பயன்

வினா அமைக்க இந்த வேறுபாடு தேவை. துணை வினையாகிய 'ஹேஸ்' வாக்கியத்தின் முன்னால் செல்லும்: 'ஹேஸ் ஷி ரிட்டன் எ லெட்டர்?' முதன்மை வினையானால், இன்றைய வழக்கில் 'டஸ்' துணைக்கு வரும்: 'டஸ் ஷி ஹேவ் எ லெட்டர்?' பி வகைக்கு மட்டும் விலக்கு உண்டு. முதன்மை வினையானாலும் அதுவே முன்னால் செல்லும்: 'இஸ் ஹி எ டீச்சர்?'