பைக்குக்குப் பழைய போன் ஏன் உகந்தது?

பைக்கில் வழி பார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. மேசை டிராயரில் கிடக்கும் பழைய போனே போதும். சொல்லப்போனால் புதியதைவிட அதுவே உகந்தது. இன்றைய பல போன்களின் கேமராவில், கை நடுக்கத்தைச் சரிக்கட்ட லென்ஸ் காந்த விசையால் நுணுக்கமாக அசையும்படி அமைந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் மாட்டினால் எஞ்சின் அதிர்வு இதைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அந்த வசதி இல்லாத மலிவான பழைய போனுக்கு இந்தக் கவலை கிடையாது. ஹோல்டர் மட்டும் ரப்பர் வைத்து அதிர்வைத் தாங்குவதாக இருக்கட்டும்.

சிம் இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். ஜிபிஎஸ் சிப் ரேடியோப் பெட்டியைப் போல வாங்க மட்டுமே செய்யும், எதையும் அனுப்பாது. சுமார் 20,200 கி.மீ. உயரத்திலுள்ள நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டுவிடும். இணையம் வரைபடத்துக்குத்தான், அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளலாம். வழியில் இணையம் இல்லாததால் ஒரு குறை இருக்கத்தான் செய்கிறது. இடத்தைக் கணக்கிடத் தேவையான தன் பாதை விவரத்தைச் செயற்கைக்கோள் நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. முழுதாக வர அரை நிமிடம் பிடிக்கும், இடையில் மரமோ மாடியோ மறைத்தால் இன்னும் இழுக்கும். அதனால் திறந்த வெளியில் போனை இயக்கி, வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நிலைத்தபின் வண்டியைக் கிளப்புவது நல்லது.