முதலாவது டி.எஸ்.எல்.ஆர். கமராவை வாங்குவோர் கவனத்திற்கு

சுயதொழில் ஒன்றை நாடும் எமது இளைஞர், யுவதிகளில் கணிசமானோர் இன்று புகைப்படத்துறையின் பக்கம் தமது பார்வையைத் திருப்பியுள்ளனர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, நிக்காஹ் வைபவம், பாடசாலை விளையாட்டுப் போட்டி, ஆலயத் திருவிழா என எமது சமூக வாழ்வின் பெரும்பாலான நிகழ்வுகள் படம் பிடிக்கப்படும் நிலையில் இது வியப்புக்குரியதன்று. ஆயினும் இத்துறையில் காலடி வைப்பதற்கான முதற் செலவு சிறியதன்று. தாயாரின் நகையை அடகு வைத்தும், தவணைக் கட்டணத்துக்கு இணங்கியும், வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கடன் பெற்றும் வாங்கப்படும் கமரா ஆறு மாதங்களுக்குள் அலுமாரியில் உறங்கத் தொடங்குமாயின், அந்த இழப்பு வாங்கியவருக்கு மட்டும் உரியதன்று. ஒரு குடும்பத்துக்கே உரியது. எனவே குறைந்த பணத்தில் முதலாவது கமராவைத் தெரிவு செய்வது எவ்வாறு என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

டி.எஸ்.எல்.ஆர். என்பது யாது?

டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் கமராவில், வில்லையினூடாக உள்ளே வரும் ஒளியைச் சரிவாகப் பொருத்தப்பட்ட ஒரு சிறு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றது. அவ்வொளியே படம் பிடிப்பவரின் கண்ணை வந்தடைகின்றது. பொத்தானை அழுத்தும் கணத்தில் கண்ணாடி மேலெழ, ஷட்டர் திறந்து, ஒளி உணரியின் மீது விழுகின்றது. வில்லை எதைக் காண்கின்றதோ அதையே கண்ணும் காண்கின்றது என்பதும், தேவைக்கேற்ப வில்லையைக் கழற்றி மாற்றலாம் என்பதும் இதன் இரு பெரும் சிறப்புகளாகும்.

1991ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனம் நிக்கோன் எப்3 கமராவை அடிப்படையாகக் கொண்டு விற்பனைக்கு விட்ட முதலாவது டி.எஸ்.எல்.ஆர். 1.3 மெகாபிக்ஸல் திறனை மட்டுமே கொண்டிருந்தது. அன்று அது பெரும் செய்தி நிறுவனங்களுக்கே எட்டக்கூடிய பொருளாக இருந்தது. 2003ஆம் ஆண்டில் கெனன் நிறுவனம் 6.3 மெகாபிக்ஸல் கொண்ட 300டி கமராவை 1,000 டொலரிலும் குறைந்த விலைக்கு வெளியிட்டதன் பின்னரே இவ்வகைக் கமரா சாதாரண மக்களின் கைக்கு வரத் தொடங்கியது.

இன்று நிலைமை மீண்டும் மாறியுள்ளது. 2018ஆம் ஆண்டில் நிக்கோன், கெனன் ஆகிய இரு நிறுவனங்களும், உள்ளே கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் எனப்படும் கமராக்களுக்கெனப் புதிய வில்லைப் பொருத்துகளை அறிமுகப்படுத்தின. 2021ஆம் ஆண்டில் சொனி நிறுவனம் தனது டி.எஸ்.எல்.ஆர். வரிசையைக் கைவிட்டது. 2020இல் வெளியான 1டி எக்ஸ் மார்க் 3 கமராவே தமது இறுதி உயர்தர டி.எஸ்.எல்.ஆர். என்பதை கெனன் நிறுவனத்தின் தலைவரே 2021இன் இறுதியில் உறுதிப்படுத்தினார். தொடக்கநிலையினரின் விருப்பத்துக்குரியதாக 2018இல் வந்த நிக்கோன் டி3500 கமராவின் உற்பத்தியும் நின்றுவிட்டது.

இதனைக் கேட்டுச் சிலர், "அவ்வாறாயின் இனி டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது வீண்" என முடிவுக்கு வரலாம். எமது கருத்து வேறு. வசதி படைத்தோரும் தொழில்முறைக் கலைஞர்களும் மிரர்லெஸ் கமராக்களுக்கு மாறுவதனால், அவர்கள் கைவிட்ட நல்ல டி.எஸ்.எல்.ஆர். கமராக்களும் வில்லைகளும் பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. அக்கமராக்கள் நேற்றுப் பிடித்த தரமான படத்தை இன்றும் பிடிக்கும். குறைந்த பணத்துடன் தொடங்குவோருக்கு இதனை ஒரு நல்வாய்ப்பு என்றே கூறவேண்டும்.

எமது நாட்டின் பொருளாதார நிலையும் இதே திசையையே காட்டுகின்றது. 2022 மார்ச் மாதத்துக்கு முன்னர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. 500 டொலர் பெறுமதியான ஒரு பொருள், வரிகளைச் சேர்க்காமலேயே, ஓர் இலட்சம் ரூபாவிலிருந்து ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவாக மாறியது என்பதே இதன் பொருள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது. இத்தகைய சூழலில் ஏற்கனவே நாட்டுக்குள் இருக்கும் நல்ல கமரா ஒன்றைத் தேடுவது விவேகமானது.

பணத்தை எதில் இடுவது?

முதன்முறை கமரா வாங்குவோர் பெரும்பாலும் தம்மிடமுள்ள பணம் முழுவதையும் கமராவின் உடற்பகுதிக்கே செலவிட்டுவிட்டு, அதனுடன் இலவசம் போலச் சேர்ந்து வரும் 18-55 மில்லிமீற்றர் வில்லையுடன் திருப்தியடைந்துவிடுகின்றனர். தவறு இங்குதான் ஆரம்பிக்கின்றது. உடற்பகுதி ஆண்டுதோறும் மதிப்பை இழக்கும். நல்ல வில்லையோ நீண்ட காலம் தன் மதிப்பைத் தக்கவைத்துக் கொள்ளும். படத்தின் தன்மையை நிர்ணயிப்பதில் உடற்பகுதியை விட வில்லையின் பங்கே பெரிது.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். வில்லையின் துவாரம் எவ்வளவு பெரிது என்பதை எப் எண் காட்டுகின்றது. எண் சிறிதாயின் துவாரம் பெரிது. 18-55 வில்லையில் தூரக் காட்சியை நெருக்கிப் பிடிக்கும்போது எப் எண் 5.6 ஆகிவிடுகின்றது. எப் 1.8 வில்லையோ அதனைவிட 9 மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகின்றது. ஆலய மண்டபத்திலோ மாலை நேரத் திருமண மண்டபத்திலோ முதலாவது வில்லைக்கு 15இல் ஒரு பங்கு செக்கன் தேவைப்படும் இடத்தில், இரண்டாவது வில்லைக்கு 125இல் ஒரு பங்கு செக்கனே போதுமானது. மணமகளின் கை அசைந்தால் முன்னையது மங்கலாகிவிடும். பின்னையது தெளிவாக நிற்கும். வில்லையிலுள்ள அதிர்வு தடுப்பு வசதி எமது கை நடுக்கத்தைத் தடுக்குமேயன்றி, படத்திலுள்ளவரின் அசைவைத் தடுக்காது.

எனவே, கையிலுள்ள ஒவ்வொரு 100 ரூபாவிலும் ஏறத்தாழ 50 ரூபாவை உடற்பகுதிக்கும், 35 ரூபாவை வில்லைகளுக்கும், எஞ்சிய 15 ரூபாவை மேலதிக பற்றரி, நினைவக அட்டைகள், பாதுகாப்புப் பெட்டி ஆகியவற்றுக்கும் ஒதுக்குவது நன்று என்பது எமது ஆலோசனையாகும். கெனன் கமரா வாங்குபவர் ஈ.எப். 50 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லையையும், நிக்கோன் கமரா வாங்குபவர் ஏ.எப்.-எஸ் வகை 35 மில்லிமீற்றர் எப் 1.8 வில்லையையும் முதலாவது மேலதிக வில்லையாகக் கொள்ளலாம். இரண்டும் அந்நிறுவனங்களின் விலை குறைந்த வில்லைகளைச் சேர்ந்தவை.

மெகாபிக்ஸல் என்ற மயக்கம்

விற்பனையாளர்கள் அதிகம் உச்சரிக்கும் சொல் மெகாபிக்ஸல் ஆகும். 24 மெகாபிக்ஸல் படமொன்றை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற உயர் அச்சுத் தரத்தில், 20 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் கொண்டதாக அச்சிடலாம். 18 மெகாபிக்ஸல் படமும் 17 அங்குல நீளத்துக்கு ஈடுகொடுக்கும். திருமண அல்பத்தின் பக்கத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்று சந்தையில் கிடைக்கும் எந்தவொரு நல்ல டி.எஸ்.எல்.ஆர். கமராவிலும் இத்திறன் இருப்பதனால், இவ்வெண்ணைப் பார்த்து மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது வேறொன்று. கமரா என்பது தனிப்பொருள் அன்று; அது ஒரு தொகுதி. கெனனின் வில்லை நிக்கோனில் நேரடியாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக்குள்ளும் கண்ணிகள் உண்டு. நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உள்ளே குவிய மோட்டார் இல்லை. எனவே பழைய 50 மில்லிமீற்றர் எப் 1.8 டி வில்லையை மலிவாகக் கிடைக்கின்றதே என வாங்கி இக்கமராக்களில் பொருத்தினால், அது தன்னியக்கமாகக் குவியாது. ஒவ்வொரு முறையும் கையாலேயே திருப்ப வேண்டும். டி7000 வரிசையில் அதே வில்லை செவ்வனே இயங்கும். அவ்வாறே கெனனின் ஈ.எப்.-எஸ் வில்லைகள், பெரிய உணரி கொண்ட அதன் முழுச்சட்டக டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் பொருந்தா.

நாளை மிரர்லெஸ் கமராவுக்கு மாற நேர்ந்தால் வில்லைகள் வீணாகிவிடுமோ என்ற அச்சம் தேவையற்றது. கெனனின் ஈ.எப்., ஈ.எப்.-எஸ் வில்லைகளையும், உள்ளே மோட்டார் கொண்ட நிக்கோனின் ஏ.எப்.-எஸ் வில்லைகளையும் உரிய இணைப்பு வளையத்தின் உதவியுடன் அந்தந்த நிறுவனத்தின் புதிய கமராக்களில் பயன்படுத்தலாம். வில்லையில் இட்ட பணம் காப்பாற்றப்படும் என நாம் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

பழைய கமராவைச் சோதிப்பது எவ்வாறு?

உடற்பகுதியாக நிக்கோன் டி5300, டி5600, டி7100, டி7200, கெனன் 200டி, 70டி, 80டி போன்றவற்றைத் தேடலாம். இவற்றுள் எதை வாங்குவது என்பதை விட, எந்த நிலையில் வாங்குவது என்பதே முக்கியமானது. ஷட்டர் ஒரு இயந்திரப் பாகம். அதற்கு ஆயுள் உண்டு. தொடக்கநிலைக் கமராக்களில் பொதுவாக 1,00,000 தடவைகளும், டி7200 போன்றவற்றில் 1,50,000 தடவைகளும் இயங்கக்கூடியதாக அது வடிவமைக்கப்பட்டுள்ளது. நிக்கோன் கமராவில் எடுத்த படத்தின் கோப்பிலேயே இவ்வெண்ணிக்கை பதிவாகியிருக்கும். அதனை வாசிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரும்பாலான கெனன் கமராக்களில் அதனைக் கணினியுடன் இணைத்தே அறியவேண்டும். அடுத்து, துவாரத்தை எப் 16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரொன்றைப் படம் பிடித்தால், உணரியின் மீதுள்ள தூசும் கறையும் கரும்புள்ளிகளாகத் தெரியும். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருப்பின் கமரா முன்னர் கழற்றப்பட்டுள்ளது எனக் கொள்ளலாம். பற்றரி வீங்கியுள்ளதா, நினைவக அட்டை செல்லும் இடத்திலுள்ள ஊசிகள் வளைந்துள்ளனவா என்பதையும் நோக்க வேண்டும். தொடரிலக்கம் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டு இன்றி வாங்குவது, திருட்டுப் பொருளைப் பொறுப்பேற்கும் அபாயத்தையும் தன்னுள் கொண்டது.

எமது காலநிலைக்கேயுரிய ஒரு பகை பூஞ்சணம் ஆகும். நுவரெலியாவின் பனிமூட்டமும், மன்னார் முதல் மட்டக்களப்பு வரையான கரையோரத்தின் ஈரக்காற்றும் வில்லைக்கு நல்லவையல்ல. வில்லையைக் கழற்றி, பின்புறத்திலிருந்து மின்சூளின் ஒளியைப் பாய்ச்சி முன்புறமாகப் பார்த்தால், சிலந்தி வலை போன்ற நுண்ணிய கோடுகள் தென்படக்கூடும். அவ்வாறு தென்படின், எவ்வளவு மலிவாயினும் அவ்வில்லையை வாங்காது விடுவதே நன்று. பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் அதன் தடம் மறையாது. வாங்கிய கமராவைத் தோற்பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைக்காது, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்தல் வேண்டும். சில நூறு ரூபா செலவில் பல்லாயிரம் ரூபா காப்பாற்றப்படும்.

யாருக்கு இது உகந்ததன்று?

எல்லோருக்கும் டி.எஸ்.எல்.ஆர். உகந்தது என நாம் வாதிடவில்லை. வீடியோ எடுப்பதையே பிரதான தொழிலாகக் கொள்ள விரும்புவோர் பணம் சேரும்வரை பொறுத்து மிரர்லெஸ் கமராவை வாங்குவதே மேல். அவசரமாயின், வீடியோவின்போதும் நன்கு குவியக்கூடிய கெனன் 200டி, 70டி, 80டி ஆகியவற்றுள் ஒன்றை நாடலாம். மறுபுறம், ஒரு நாள் முழுவதும் நீளும் திருமண வைபவத்தில் பற்றரியின் பலம் பெரிதும் உதவும். நிக்கோன் டி3500 ஒரு முறை மின்னேற்றினால் 1,550 படங்கள் வரை எடுக்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. விலை குறைந்த மிரர்லெஸ் கமராக்கள் பெரும்பாலும் சில நூறு படங்களுடன் நின்றுவிடும். குடும்பப் படங்களை உறவினருக்கு அனுப்புவது மட்டுமே நோக்கமாயின், கையிலுள்ள கையடக்கத் தொலைபேசியே போதுமானது. அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுவது அவசியமாகின்றது. தவணைமுறையில் வாங்க எண்ணுவோர் மாதத் தவணையை மட்டும் பார்க்காது, இறுதித் தவணை வரை செலுத்தப்போகும் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாம் ஆண்டில் எத்தனை நிகழ்வுகள் கிடைக்கும் என்பதை நம்பிக்கையைக் கொண்டன்றி, ஏற்கனவே கேட்டு வைத்த அழைப்புகளைக் கொண்டு கணித்தல் வேண்டும். அனுபவமுள்ள ஒருவருடன் உதவியாளராகச் சில நிகழ்வுகளுக்குச் சென்று, அவருடைய கமராவைக் கையாண்டு பார்த்த பின்னர் வாங்குபவர் ஏமாறுவது அரிது.

பத்து ஆண்டுகளுக்கு முந்திய உடற்பகுதி ஒன்றும், ஒளியைத் தாராளமாக உள்வாங்கும் ஒரு வில்லையும், அவற்றை ஈரத்திலிருந்து காக்கும் ஒரு பெட்டியும் இருந்தால் இத்தொழிலின் முதற்படியில் ஏறிவிடலாம். எஞ்சியது பயிற்சியே. பிள்ளைகளின் ஆர்வத்துக்குத் துணைநிற்கும் பெற்றோரும், கடைக்குச் செல்வதற்கு முன்னர் இவற்றை ஒருமுறை அவர்களுடன் அமர்ந்து ஆராய்வார்களாயின், வியர்வை சிந்திச் சேர்த்த பணம் உரிய பயனைத் தரும் என்பதில் ஐயமில்லை.