ஊருக்கு ஒரு ஐ.ஆர்.சி. சேனல்: திறப்பது சுலபம், சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

காளையார்கோவிலைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத நினைக்கும் ஆசிரியர், காரைக்குடியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே லினக்ஸ் மென்பொருள்களைத் தமிழாக்கும் மாணவி, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர். இவர்கள் தினமும் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றால் யாரும் முதலில் தொடங்குவது வாட்ஸ்அப் குழுதான். ஆனால் அதில் சேர்ந்த நிமிடமே நம் போன் நம்பர் முன்பின் தெரியாதவர்கள் கைக்கும் போய்விடுகிறது. அந்த மாணவி சேரத் தயங்கினால் அதில் நியாயம் உண்டு.

இணையத்தில் எழுத்து வழியே அரட்டையடிக்கும் பழைய ஏற்பாடான ஐ.ஆர்.சி.க்குப் போன் நம்பர் தேவையில்லை. ஒரு புனைபெயரும் மின்னஞ்சலும் போதும். அந்த மின்னஞ்சலும் மற்றவர்கள் கண்ணில் படாதபடி வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் கிடையாது, காசு கிடையாது. பழைய லேப்டாப்பிலும், சிக்னல் சரியாக எடுக்காத இடத்திலும் ஓடும், ஏனென்றால் போவதும் வருவதும் வெறும் எழுத்துதான். பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினன் 1988 ஆகஸ்டில் உருவாக்கிய ஏற்பாடு இது. 1991-இல் மாஸ்கோவில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது செய்திகள் இதன் வழியாகவும் வெளியே வந்தன.

தமிழ்நாட்டில் இதை அதிகம் புழங்கியவர்கள் கட்டற்ற மென்பொருள்காரர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கும், உபுண்டு தமிழ்க் குழுவுக்கும் ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்கில் சேனல்கள், அதாவது அரட்டை அறைகள், இருந்தன. மொழிபெயர்ப்பில் ஒரு சந்தேகம் என்றால் அங்கே போய்க் கேட்பதுதான் வழக்கம். இன்று அந்த வேலைகளுக்கு உகந்த நெட்வொர்க் லிபெரா சாட். அது எப்படிப் பிறந்தது என்பது பின்னால் வரும். முதலில் சேனலைத் திறந்துவிடுவோம்.

பிரவுசரிலேயே லிபெராவின் வெப் சாட் பக்கத்தைத் திறந்து, 16 எழுத்துக்குள் ஒரு பெயர் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். தினமும் புழங்க ஹெக்ஸ்சாட் மாதிரி ஒரு செயலி வசதி. அதில் பாதுகாப்பான இணைப்புக்குப் போர்ட் எண் 6697. பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே வந்ததும் முதல் வேலை அந்தப் பெயரைப் பதிவு செய்வது. நிக்சர்வ் என்று ஒன்று உண்டு. அது ஆள் இல்லை, பெயர்களைக் காவல் காக்கும் ஒரு புரோகிராம். சாய்கோடு போட்டு, எம்.எஸ்.ஜி., நிக்சர்வ், ரெஜிஸ்டர், பிறகு பாஸ்வேர்டு, மின்னஞ்சல் முகவரி என்ற வரிசையில், இடைவெளி விட்டு, ஆங்கிலத்தில் தட்டினால் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு வரும். அதைத் திருப்பி அனுப்பினால் பெயர் உங்களுடையது.

இங்கே கவனம் தேவை. சாய்கோட்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் கட்டளை கட்டளையாகப் போகாது, பாஸ்வேர்டோடு சேர்ந்து அரட்டையில் எல்லோரும் படிக்கும் வரியாக விழுந்துவிடும். அதனால் எந்தச் சேனலிலும் நுழைவதற்கு முன், சர்வர் செய்திகள் ஓடும் ஜன்னலில் வைத்தே இதை முடித்துவிடுங்கள். இன்னொன்று: பதிவு செய்யாமல் நுழைபவரின் இணைய முகவரி, அதாவது ஐ.பி. எண், மற்றவர்களுக்குத் தெரியக்கூடும். பதிவு செய்தவர்கள் அதை மறைக்கும் ‘க்ளோக்’ கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாணவிகளைச் சேர்க்கும் குழு இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது சேனல். ஜாயின் கட்டளையோடு # குறி போட்டு ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயரில் சேனல் இல்லாத பட்சத்தில் அது அப்போதே பிறந்துவிடும். முதலில் நுழைந்தவர் பெயருக்கு முன் @ குறி நிற்கும், அவர்தான் சேனலை நிர்வகிக்கும் ஆபரேட்டர். லிபெராவில் ஒரு மரபு உண்டு. ஒரு # போட்ட பெயர் மென்பொருள் திட்டங்களுக்கும் அமைப்புகளுக்கும் உரியது. பொதுவான பேச்சுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் ##. எனவே நம் ஊர்ப் பெயரை இரண்டு # போட்டுத் தொடங்குவதே முறை.

இப்படிப் பிறந்த சேனல் பதிவு செய்யாவிட்டால் நிற்காது. கடைசி ஆள் வெளியேறியதும் மறைந்துவிடும். அடுத்து வருபவர் யாரோ அவரே ஆபரேட்டர். ஆரம்ப கால ஐ.ஆர்.சி.யில் இதனால் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. சர்வர்களுக்கு இடையே தொடர்பு அறுந்து நெட்வொர்க் இரண்டாகப் பிரியும் நேரம் பார்த்து, காலியான பக்கத்தில் புகுந்து @ குறியைப் பிடித்துக்கொள்வார்கள். தொடர்பு திரும்பியதும் உண்மையான ஆபரேட்டரையே வெளியே தள்ளுவார்கள். 1994-இல் தொடங்கிய டால்நெட் போன்ற நெட்வொர்க்குகள் நிக்சர்வ், சான்சர்வ் என்ற காவல் புரோகிராம்களைக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். இப்போது @ குறி உங்களிடம் இருக்கும்போது சான்சர்வுக்கு ரெஜிஸ்டர் என்ற சொல்லையும் சேனல் பெயரையும் அனுப்பினால் போதும், சேனல் உங்கள் கணக்கில் பதிவாகிவிடும். இவ்வளவும் சேர்ந்து ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது.

தமிழில் தாராளமாகப் பேசலாம், ஆனால் வரி நீளத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஐ.ஆர்.சி.யின் ஒரு செய்தி, அனுப்புபவர் விவரமும் சேர்த்து, 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோட் தமிழிலோ உயிர்மெய்யின் மெய்க்கு மூன்று, அதோடு சேரும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனியாக மூன்று. ‘காளையார்கோவில்’ என்று எழுதினாலே 42 பைட் போய்விட்டது. அதே பெயர் ஆங்கில எழுத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றில் முடிந்துவிடும். ஆகவே தமிழில் இரண்டு மூன்று நீண்ட வாக்கியங்களை ஒரே வரியில் கொட்டினால் சில செயலிகள் அதைத் துண்டாக்கி அனுப்பும், சில வாலை வெட்டிவிடும். சின்னச் சின்ன வரியாகப் பேசிப் பழக வேண்டும். நம் எழுத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடம் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமே. ஆனாலும் தங்கிலீஷுக்குப் போவதைவிட இது மேல்.

இனி சாவி விஷயம். ஃப்ரீநோட் கட்டற்ற மென்பொருள் உலகத்தின் கூடமாக நெடுங்காலம் இருந்தது. ராப் லெவின் என்பவர் தொடங்கியது. 2006-இல் சைக்கிளில் போகும்போது கார் மோதி அவர் இறந்தார். அதன் பிறகும் தன்னார்வலர்கள் அதைச் சம்பளமில்லாமல் நடத்தினார்கள். ஆனால் ஃப்ரீநோட் என்ற பெயரில் பதிவான நிறுவனத்தின் உரிமை 2017-இல் ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரிடம் போனது. நிர்வாகம் யாருடையது என்ற சண்டை முற்றி, 2021 மே 19 அன்று தன்னார்வலர்கள் கூட்டமாக விலகினார்கள். அதே நாளில் லிபெரா சாட்டை அறிவித்தார்கள். சுவீடனில் லாபநோக்கற்ற சங்கமாகப் பதிவான அமைப்பு அது. ஒரு தனி ஆள் வாங்கவோ விற்கவோ முடியாதபடி வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். அடுத்த வாரமே, சேனலின் தலைப்பு வரியில் லிபெரா என்ற பெயர் இருந்ததற்காக எழுநூறுக்கும் மேற்பட்ட சேனல்களை ஃப்ரீநோட் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஜூனில் புதிய சர்வர்களுக்கு மாறியபோது பழைய பெயர்ப் பதிவுகள், சேனல் பதிவுகள் எல்லாம் போயின. உபுண்டுவும் விக்கிமீடியாவும் லிபெராவுக்குக் குடிபெயர்ந்தன.

இத்தனை ஆண்டு உழைப்பு ஒரு வாரத்தில் இப்படிக் கைமாறியது பலருக்கும் வலித்தது. ஊர்ச் சேனலிலும் சின்ன அளவில் இதுவே நடக்கும். தொடங்கியவர் வேலை கிடைத்துப் போய்விடுவார், பாஸ்வேர்டு மறந்துவிடும், கணக்கு நெடுநாள் புழங்காமல் காலாவதியாகும். அல்லது ஒரு மனத்தாங்கலில் எல்லோரையும் வெளியே தள்ளிவிடுவார். இதற்கு மருந்து சான்சர்விலேயே இருக்கிறது. ஃபிளாக்ஸ் என்ற கட்டளையால் ஒவ்வொரு உறுப்பினருக்கும் எந்தெந்த உரிமை என்று எழுதிவைக்கலாம். பெரிய எஃப் நிறுவனர் உரிமை. அது ஒருவருக்கு மேல் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஊரில் ஒருவர், வெளியூரில் ஒருவர், முடிந்தால் மாணவர்களில் ஒருவர் என்று மூவருக்குக் கொடுங்கள். அந்த மூவரில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். பெரிய எஸ் பெற்றவர் வாரிசு. சிறிய ஓ பெற்றவர் தேவைப்படும்போது ஆபரேட்டர் ஆகலாம். எப்போதும் @ குறியோடு உட்கார்ந்திருப்பதை லிபெராவில் ஊக்குவிப்பதில்லை, வேலை முடிந்ததும் கழற்றிவைப்பதே அங்கே மரியாதை. முறையான சங்கமோ மென்பொருள் திட்டமோ இருந்தால் அதன் பெயரிலேயே லிபெராவில் பதிவு செய்துகொள்ளலாம். அப்போது நிறுவனர் யாரும் இல்லாமல் போனாலும் பொறுப்பாளர் கேட்டுச் சேனலை மீட்க முடியும்.

குப்பைச் செய்திகள் வெள்ளமாக வரும் நாளும் உண்டு. 2018 ஆகஸ்டில் ஃப்ரீநோட் முழுக்க அப்படி வந்தது. அத்தகைய நேரத்தில் சேனலுக்கு ஆர் என்ற மோடை, அதாவது கட்டுப்பாட்டை, போட்டால் பதிவு செய்த பெயர்கள் மட்டுமே நுழையும். என் மற்றும் டி மோடுகள் எப்போதும் இருக்கட்டும்: முதலாவது சேனலுக்கு வெளியே நின்று செய்தி எறிவதைத் தடுக்கும், இரண்டாவது தலைப்பை ஆபரேட்டர் மட்டும் மாற்றும்படி வைக்கும்.

ஐ.ஆர்.சி. பழைய பேச்சைச் சேமித்துவைப்பதில்லை. நீங்கள் இணைப்பில் இல்லாத நேரத்தில் பேசியது உங்களுக்குக் கிடைக்காது. அதற்காகக் குழு பேச்சைப் பதிவு செய்து வெளியே வைப்பதாக இருந்தால், அந்தச் செய்தியைத் தலைப்பு வரியில் தமிழிலேயே போட்டுவையுங்கள். உள்ளே வருபவர் வாய் திறப்பதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.